எப்படி, எங்கே, எப்போது

நான் ஆங்கில வகுப்பில் சேர்ந்ததற்கு ஒரே காரணம் என் சம்பந்தி அம்மா. பெங்களூரில் வேலை பார்த்த என் மகள், கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். பையனுக்கு ஊர் ராஞ்சி. இரண்டு வீடும் கிறிஸ்தவ வீடு என்பதால் கல்யாணம் எங்கள் சர்ச்சிலேயே ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஆனால் ஆமென் சொல்கிற வரைக்கும்தான் எல்லாம் ஒன்று. அதற்குப் பிறகு எனக்கும் சம்பந்தி அம்மாவுக்கும் பேசிக்கொள்ள ஒரு பொது வார்த்தை கிடையாது. கல்யாணத்துக்கு வந்திருந்த நாள்கள் முழுக்க இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தோம். எனக்குத் தாடை வலித்தது. அவருக்கும் வலித்திருக்கும்.

எனக்கு ஆங்கிலம் அறவே தெரியாது என்று சொல்ல முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கிற கம்பெனியில் பல வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். ரிஜெக்ட், ஆல்டர், பாஸ், அர்ஜென்ட் எல்லாம் தெரியும். இதை வைத்துக்கொண்டு சம்பந்தியிடம் என்ன பேசுவது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீடியோ கால் வரும். "ஹவ் ஆர் யூ?" என்பார். "ஃபைன்" என்பேன். "ஃபுட்?" என்பார். "ஃபினிஷ்டு" என்பேன். பிறகு அவர் எங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்ப்பார், நான் அவர் வீட்டு மின்விசிறியைப் பார்ப்பேன். மாப்பிள்ளை நடுவில் புகுந்து காப்பாற்றுவார்.

மகள் உண்டானதும் இந்த விளையாட்டு எனக்குப் போதாமல் போயிற்று. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு, பெண்ணின் மாமியாரிடம் கேட்டு, அவர் போய்விட்டு வா என்று சொன்னதும் கூட்டிக்கொண்டு வருவோம். எனக்கு இருப்பது ஒரே பெண். அவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கவும், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டவும் நான் மனசுக்குள் எப்போதோ தயாராகிவிட்டேன். அப்போது பார்த்து மகள் போனில் சாதாரணமாகச் சொன்னாள்: அவர்கள் வீட்டில் மூத்த மருமகளின் முதல் பிள்ளை மாமியார் வீட்டில்தான் பிறக்க வேண்டுமாம், ராஞ்சியில் அறையெல்லாம் தயார் செய்கிறார்களாம். நீயே உன் மாமியாரிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க. என்னை நடுவுல இழுக்காதீங்க. எனக்கு ரெண்டு வீடும் ஓகே" என்றாள். நான் போனை வைத்துவிட்டுப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன். எனக்குக் கோபம் வந்தால் வீடு சுத்தமாக இருக்கும்.

வகுப்பு முகப்பேரில், ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில். வாரத்தில் இரண்டு சாயங்காலம். கீழேயிருந்து பன் வேகும் வாசனை வரும்போது யாருக்கும் பாடம் ஏறாது. டீச்சர் என் மகளைவிடச் சின்னவள், ஆனால் கண்டிப்புக்காரி. என் பக்கத்து நாற்காலியில் பூந்தமல்லியில் பை, பெட்டி கடை வைத்திருக்கும் ஒரு பாய் உட்காருவார். தன் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் இங்கிலீஷில் பேசும்போது தலையாட்டிவிட்டு வருவது அவருக்கு அவமானமாக இருந்ததாம்.

மற்றவையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றினேன். என்னைப் படுத்தி எடுத்தது, செய்ததை எப்படிச் செய்தோம், எங்கே செய்தோம், எப்போது செய்தோம் என்று சொல்கிற வார்த்தைகள். அவற்றை நினைத்த இடத்தில் போட முடியாதாம், அதற்கு வரிசை உண்டாம். டீச்சர் பலகையில் மூன்று கட்டம் போட்டாள். முதல் கட்டம் எப்படி, அடுத்தது எங்கே, கடைசியில் எப்போது. நான் என் வாக்கியத்தைத் தமிழில் சொன்னேன்: நேற்று சாயங்காலம் அம்பத்தூர் மார்க்கெட்டில் பொறுமையாகக் கத்திரிக்காய் பொறுக்கினேன். டீச்சர் அதை வாலைப் பிடித்துத் திருப்பிப் போட்டாள். பொறுக்கினேன் கத்திரிக்காய், பொறுமையாக, மார்க்கெட்டில், நேற்று சாயங்காலம். நான் விடவில்லை. எப்போது என்றே சொல்லாமல் செய்ததைச் சொன்னால் கேட்கிறவர்கள் எந்த நாளில் போய் நிற்பார்கள் என்று கேட்டேன். பாய் எனக்குத் துணைக்கு வந்தார்.

"அக்கா சொல்றது கரீட்டும்மா. ஊட்டுக்கு வந்த ஆளை உட்காருன்னு கூட சொல்லாம, வாசல்லயே மேட்டரை சொல்ற மாரி கீது இது."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு ஒரு சலுகை கொடுத்தாள். எப்போது என்பதை மட்டும் ஆசைப்பட்டால் வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம், குற்றமில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் மற்றதில் அவள் இறங்கி வரவில்லை. பாய் ஒருநாள், "ஐ லைக் வெரி மச் பிரியாணி" என்றார். லைக்குக்கும் பிரியாணிக்கும் நடுவில் யாரும் வரக் கூடாது என்று வெரி மச்சைத் தூக்கிக் கடைசியில் போட்டாள். அதே டீச்சர், ஆல்வேஸும் நெவரும் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும் என்றாள். பேருந்தில் இரண்டு பேர் சீட்டில் கொஞ்சம் தள்ளிக்கோங்க என்று மூன்றாவது ஆளாக உட்காருகிறவர்கள் போல, ஆளுக்கும் வேலைக்கும் இடையில். அதுவே இஸ் வந்தால் அதற்குப் பின்னால். ஏன் என்று கேட்டால் அப்படித்தான் என்பாள். நம் சமையலில் மட்டும் எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறதா என்ன, கடுகுக்குப் பிறகுதான் கறிவேப்பிலை. நான் ஒத்துக்கொண்டேன்.

ஒத்துக்கொண்ட பிறகு அதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர்தான் பலியாடு. காலையில் அவர் குளித்துவிட்டு வந்ததும் சொன்னேன்: "மை ஹஸ்பண்ட் ஆல்வேஸ் த்ரோஸ் தி வெட் டவல் கேர்லெஸ்லி ஆன் தி பெட் இன் தி மார்னிங்." ஆல்வேஸ் நடுவில், எப்படி, எங்கே, எப்போது எல்லாம் வரிசையாக. டீச்சர் கேட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பாள். இவர் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, "இங்கிலீஷ்ல திட்டினா கொஞ்சம் மரியாதையாதான் கீது" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு உற்சாகமாக இருந்தது. சட்டையில் தையல் பிசகு கண்டுபிடித்தே பழகிய கண்ணுக்கு, ஒரு வாக்கியத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதைப் பார்ப்பதில் ஒரு நிறைவு.

எங்கள் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை டூல் ரூமில் இருக்கிறார். வருஷக்கணக்காக ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுகிறவர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஐந்தாம் மாதம் பிறந்ததும், இதற்குப் போய் ஏன் இத்தனை கவலை என்று சம்பந்தி அம்மாவுக்கு அவரே ஒரு வாட்ஸாப் செய்தி எழுதினார். "வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ்" என்று ஆரம்பித்தார். மேலே ஒன்றும் இல்லை, முந்தின செய்தி சம்பந்தி அம்மா அனுப்பிய ஒரு ரோஜாப்பூ குட்மார்னிங். மகளின் பிரசவத்தை வசதியாக, அம்பத்தூரில், ஏழாம் மாதம் முதல் பார்த்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறோம், தயவுசெய்து உறுதி செய்யவும் என்று எழுதியிருந்தார். அனுப்புவதற்கு முன்னால் எனக்குப் படித்துக் காட்டினார். எப்படி, எங்கே, எப்போது, மூன்றும் சரியான கட்டத்தில் இருந்தன. நன்றாக இருக்கிறது என்றுதான் நானும் சொன்னேன்.

பதில் இரண்டு நாள் வரவில்லை. பிறகு மாப்பிள்ளை எழுதியது என்று பார்த்தவுடன் தெரிகிற ஒரு செய்தி வந்தது. மருமகள் முறையாக, ராஞ்சியில், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை கவனிக்கப்படுவாள், எல்லா ஏற்பாடும் ஏற்கெனவே முடிந்துவிட்டது, நன்றி. அதிலும் எல்லாம் வரிசைப்படிதான் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வரவில்லை. ரோஜாப்பூவும் நின்றுபோயிற்று.

"நான் எல்லாம் கரெக்டாதானே எழுதிகீறேன்" என்றார் இவர். சரியாகத்தான் எழுதியிருந்தார், அதுதான் வினையே. எங்கள் வழக்கத்தில் பெண்ணைப் பிரசவத்துக்குக் கேட்கப் போகிறவர்கள் போனவுடன் கேட்க மாட்டார்கள். உட்காருவோம். தண்ணீர் வாங்கிக் குடிப்போம். அவர்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது, இந்த வருஷம் வெயில் எப்படி, எல்லாம் பேசுவோம். சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலை போடுகிற நேரத்தில், அதுவும் பெண்ணைப் பெற்றவள், ஆண்கள் இல்லை, பெண்ணின் மாமியாரைப் பார்த்து மெதுவாகக் கேட்பாள். கேட்பவளும் கேட்கப்படுபவளும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்த நாங்களே ஸ்க்ரூ ஆர்டர் செய்வது போல் ஒரு செய்தி அனுப்பிவிட்டு உறுதி செய்யவும் என்று எழுதியிருந்தோம். எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் துடைத்தேன்.

வளைகாப்பை மட்டும் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள மாப்பிள்ளை சம்மதம் வாங்கிக் கொடுத்தார். அவர் அம்மாவும் வருவார். சம்பந்தி அப்பா மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இருப்பார். விசேஷம் முடிந்து அடுத்த வாரம் மாப்பிள்ளை, அவர் அம்மா, என் மகள் மூன்று பேருக்கும் ராஞ்சிக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. டிக்கெட் என்ற வார்த்தையைக் கேட்டதும் அடுத்த வகுப்புக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன். டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் வகுப்பு முடிந்த பிறகும் உட்கார வைத்து எனக்கு ஒரு வாக்கியம் செய்து கொடுத்தாள். எங்கள் வீட்டில் உங்கள் மருமகளை மிக நன்றாகப் பார்த்துக்கொள்வோம், தயவுசெய்து அனுமதியுங்கள் என்பதுதான் அது. காய் நறுக்கும்போதும் குளிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தூக்கத்தில்கூடச் சொன்னதாக இவர் சொன்னார்.

வளைகாப்பு அன்று அம்பத்தூர் மேனாம்பேட்டில் எங்கள் தெரு முழுக்க வந்திருந்தது. சர்ச் பாடகர் குழுப் பெண்கள் இரண்டு பாட்டுப் பாடினார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் செய்திருந்தேன். சம்பந்தி அம்மா மரியாதையாகத்தான் இருந்தார், ஆனால் கல்யாணத்தில் பார்த்த சிரிப்பு இல்லை. வந்த பெண்கள் எல்லாருக்கும் கண்ணாடி வளையல் போட்டோம். அவர் முறை வந்தபோது வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை. பரவாயில்லை என்று கையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மத்தியானம் எல்லாரும் போன பிறகு இவர் மாப்பிள்ளைக்கு ஏரி காட்டுகிறேன் என்று செம்பரம்பாக்கத்துக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அசதியில் மகள் தூங்கிவிட்டாள். மொழிபெயர்க்க வீட்டில் ஆள் இல்லை. நான் சமையலறையில் இருந்தேன். சம்பந்தி அம்மா உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே ஒரு துணியை எடுத்துப் பாத்திரங்களைத் துடைத்து, நான் வைக்காத அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. அப்போதுதான் அவர் கை வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். வளைகாப்புக்கு வந்த எந்தப் பெண்ணையும் வளையல் இல்லாமல் அனுப்பக் கூடாது. என் வீட்டில் அப்படி ஒன்று நடந்துவிடக் கூடாது என்று மிச்சம் இருந்ததில் பெரிய அளவாகப் பார்த்து எடுத்து, அவரைத் தரையில் உட்கார வைத்தேன். சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து அவர் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பெரிய கைக்கு வளையல் போடுவது அவசரத்தில் ஆகிற வேலை இல்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, முட்டியைச் சோப்பால் நீவி நீவி இளக்க வேண்டும். அழுத்தினால் உடையும். ஒரு வளையல் ஏறியது. சம்பந்தி அம்மா ஏறிய வளையலைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கேட்டால் இப்போதுதான் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தேன். டீச்சர் செய்து கொடுத்த வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. முழுசாகப் போய்விட்டது. வந்ததெல்லாம் தமிழ் வரிசையில், துண்டு துண்டாக வந்தது.

"டுடே... டுடே ஆஃப்டர்..." என்றேன். அடுத்த வளையலை எடுத்தேன். "மை ஹவுஸ். திஸ் ஹவுஸ். தட் ரூம்" என்று மகள் தூங்கும் அறையைக் காட்டினேன். நீவிக்கொண்டே, "ஸ்லோலி, நைஸ்லி, ஆயில், பாத், கார்லிக்" என்றேன். இன்னொரு வளையல் ஏறியது. என்ன செய்யப்போகிறேன் என்கிற வார்த்தைக்கு நான் இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் வீட்டுக்காரராக இருந்தால் இந்நேரம் என்ன சொல்ல வருகிறாய் என்று குறுக்கே வெட்டியிருப்பார். சம்பந்தி அம்மா தலையைச் சாய்த்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தார். கடைசியில் சொன்னேன்: "யுவர் டாட்டர்-இன்-லா, ஐ கீப்? ப்ளீஸ், ஐ கீப்?"

அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வளையல் முட்டியில் பாதியில் நின்றது. நான் நீவுவதை நிறுத்திவிட்டேன்.

"மை மதர் ஆல்ஸோ வான்டட்" என்றார். பிறகு, "ஷி நெவர் ஆஸ்க்டு."

அதற்கு மேல் அவருக்கும் முழு வாக்கியம் வரவில்லை. கொஞ்சம் வார்த்தையும் நிறையக் கையசைவுமாகச் சொன்னார். முதல் பிரசவம் மாமியார் வீட்டில். அம்மாவின் ஊர் ஒன்றும் தூரம் இல்லை. அம்மா நெய் எடுத்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். வாசல் கேட்டுக்கு வெளியே நின்று, நெய்யை யாரிடமோ கொடுத்துவிட்டு, உள்ளே கூப்பிடுவார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். பெண்ணைப் பெற்றவள் வாயைத் திறந்து கேட்பது அவர்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. ஜன்னல் வழியாகத் தன் அம்மா போவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாராம். பிள்ளையை அம்மா பார்த்தது ஞானஸ்நானத்தன்றுதான்.

எங்கள் செய்தி அவரை எதற்காகக் கோபப்படுத்தியது என்று அப்போது எனக்குப் புரிந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை, தெரிவித்திருந்தோம். பாதியில் நின்ற வளையலை அவரே தன் விரலால் தள்ளி ஏற்றிக்கொண்டார். "ஓகே. ஹியர்" என்று தரையைத் தட்டிக் காட்டினார். எனக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. துடைக்க முடியவில்லை, கையெல்லாம் சோப்பு. அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, "மீ ஆல்ஸோ... ஹியர்?" என்று கேட்டார்.

முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கக்கூடியவர், என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, நானும் இருக்கலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். "இருங்கம்மா. எத்தனை மாசம் வேணும்னாலும் இருங்க" என்று தமிழிலேயே சொன்னேன். டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி அவரே மகனுக்குப் போன் போட்டார்.

சொன்னபடியே இருந்தார். பாத்திரங்களைத் தப்பான அலமாரியில் அடுக்குவதை ஒருநாளும் நிறுத்தவில்லை. நானும் சண்டை போடுவதை நிறுத்தவில்லை, சாயங்காலம் இருவரும் சேர்ந்து டீ குடிப்பதையும் நிறுத்தவில்லை. பிள்ளை பிறந்த அன்று நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். இருவருமே எழுந்து நின்றோம். அவர் கையை நீட்டவில்லை, என்னைப் பார்த்தார். இத்தனை மாதம் யாருக்காகக் காத்திருந்தேனோ அந்தப் பிள்ளை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அவர் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினேன். அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பவில்லை, மாப்பிள்ளை பக்கமும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துத் திரும்பி, துணியைக் கொஞ்சம் விலக்கி, பிள்ளையின் முகம் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். யாருக்குக் காட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். அவர் காட்டி முடிக்கும்வரை நான் பிள்ளையைக் கேட்கவில்லை.